ஓட்டையை அடைத்தாயிற்று, இன்னும் எதற்கு ஸ்கேன்? டிஓஎஃப் ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கும் டெக்னீஷியன். 17 வருடமாக இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் இதயத்தைத் திரையில் பார்ப்பதுதான் பிழைப்பு. டாக்டர் அறையில் வாயே திறக்காத பெற்றோர், குழந்தையின் நெஞ்சில் இருக்கும் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்ட கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதுதான் இது. பிறவி இதயக் குறைகள் பல வகை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் யாருக்கும் உதவாது. அதனால் நீலக் குழந்தைகளிடம் அதிகம் காணும் டிஓஎஃப், அதாவது டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ, அதற்கு முழு ஆபரேஷன் முடிந்தவர்களை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். வேறு ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பின்பகுதியில் கொஞ்சம் உண்டு.

ஆபரேஷனில் உண்மையில் என்னதான் செய்தார்கள்?

பிரான்சில் மார்செய் நகரத்து டாக்டர் ஃபாலோ, நான்கு குறைகள் சேர்ந்தே வருவதை 1888-இல் விவரித்து எழுதினார். பெயர் அவருடையது. கீழறைகள் இரண்டுக்கும் நடுவே பெரிய ஓட்டை. வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல். பெருந்தமனி நேராக இல்லாமல் அந்த ஓட்டைக்கு மேலேயே கால் பரப்பி உட்கார்ந்திருக்கும். வலது கீழறையின் சுவர் தடித்திருக்கும். நுரையீரலுக்குப் போக வழியில்லாத கெட்ட ரத்தம் ஓட்டை வழியாக உடம்புக்குள் கலந்துவிடும். குழந்தை அழும்போது உதடும் நகமும் நீலமானது அதனால்தான்.

ஆபரேஷனில் இரண்டு வேலை. ஒன்று, ஓட்டைக்கு பேட்ச் வைத்து அடைப்பது. இது எல்லோருக்கும் புரிந்துவிடும். இன்னொன்று, நுரையீரல் வழியை அகலமாக்குவது. பின்கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது. வால்வின் வளையமே சிறியதாக இருந்தால் அதை நீளவாக்கில் வெட்டி, நடுவே ஒரு துண்டு வைத்துத் தைப்பார்கள். இறுக்கமான சட்டைக்குத் தையல்காரர் பக்கவாட்டில் பட்டி கொடுப்பாரே, அந்த மாதிரி. வழி திறந்துவிடும். ஆனால் அந்த இடத்து வால்வு இனி சரியாக மூடாது.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து ‘டிரான்ஸ்ஆன்யுலர் பேட்ச்’ என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். வளையத்தை வெட்டி வைத்த அந்தத் துண்டின் பெயர்தான் அது. இருந்தால் கீழே வரும் பதில்களில் பாதி உங்களுக்காகவே எழுதியது.

பையன் நன்றாக ஓடி ஆடுகிறான். அப்புறம் ஏன் வருடா வருடம் எக்கோ?

ஓடி ஆடுகிற பையனுக்குத்தான் எக்கோ வேண்டும். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு வருவது தாமதம்.

வால்வு சரியாக மூடாததால், ஒவ்வொரு துடிப்பிலும் நுரையீரலுக்கு அனுப்பிய ரத்தத்தில் ஒரு பங்கு வலது கீழறைக்கே திரும்பி வந்து விழும். டிஓஎஃப்-ஐ இதயத்தைத் திறந்து முதன்முதலில் சரிசெய்தது அமெரிக்காவின் மினசோட்டாவில், 1954-இல், லில்லிஹை என்ற சர்ஜன். அன்று ஹார்ட்-லங் இயந்திரம்கூட அவரிடம் இல்லை. குழந்தையின் ரத்த ஓட்டத்தை இன்னொரு மனிதரின் உடம்போடு இணைத்துவிட்டுச் செய்தார். உயிர் பிழைப்பதே பெரிய விஷயமாக இருந்த காலம். வால்வு கொஞ்சம் லீக் ஆனால் என்ன, வலது பக்கம் தாங்கிக்கொள்ளும் என்றே பல வருடங்கள் நினைத்தார்கள். தாங்கவும் செய்தது, 10 வருடம், 20 வருடம். அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பிறகுதான் வலது கீழறை பெரிதாகிக்கொண்டே போவதும், சிலருக்குத் துடிப்புக் கோளாறு வருவதும் தெரிந்தது.

வலது கீழறை மாமியார் வீட்டில் புதிதாக வந்த மருமகள் மாதிரி. எவ்வளவு சுமை ஏற்றினாலும் முகத்தில் காட்டாது. காட்டும்போது நிலைமை கைமீறத் தொடங்கியிருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை நம்பாமல் நாங்கள் அளவெடுத்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒன்று. முதல் சில வாரங்களில் ஒன்று. ஆறு மாதத்துக்குள் இன்னொன்று. பிறகு எல்லாம் சீராக இருந்தால் ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு எக்கோ. எம்ஆர்ஐ பெரும்பாலும் 10 வயது வாக்கில் தொடங்கும். அதற்குமேல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை, அளவுகள் மாறிக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம். உங்கள் டாக்டர் வேறு கணக்கு சொன்னால் அவர் சொல்வதே சரி.

முதல் வாரங்களில் எடுப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோக்கும். காய்ச்சல், சோர்வு, வாந்தி என்று வரும். வீட்டில் அஜீரணம் என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்துக்குள் குழந்தை காரணமில்லாமல் வாந்தி எடுத்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம். எக்கோவில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எக்கோவில் கதிர்வீச்சு உண்டா? அடிக்கடி எடுத்தால் கெடுதலா?

கிடையாது. அது வெறும் ஒலி அலை. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் முதன்முதலில் இதயத்தை இப்படிப் பார்த்தபோது, கருவியைக் கப்பல் கட்டும் தளத்திலிருந்து இரவல் வாங்கினார்கள். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. எத்தனை முறை எடுத்தாலும் செலவாவது ஜெல்லும் உங்கள் அரை நாளும்தான்.

ரிப்போர்ட்டில் ‘கிரேடியன்ட் 36’ என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். குழாய் குறுகியிருக்கும் இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும். தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுகிறதே, அதே கதை. டாப்ளரில், அதாவது ரத்தத்தின் வேகத்தைக் காட்டும் எக்கோ முறையில், நான் அளப்பது அந்த வேகத்தை மட்டும்தான். வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நான்கால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு கிடைக்கும். அதுதான் கிரேடியன்ட். நொடிக்கு 3 மீட்டர் வேகம் என்றால் 3×3=9, 9×4=36. நொடிக்கு 4 மீட்டர் என்றால் 64. வேகம் கொஞ்சம் கூடினால் எண் எகிறிவிடுவதைக் கவனியுங்கள்.

இதில் இரண்டு சங்கதி. நெஞ்சில் வைக்கும் கருவியான புரோபை ரத்தம் பாயும் திசைக்கு நேராகப் பிடிக்காவிட்டால் வேகம் குறைவாகத்தான் காட்டும். அழுகிற குழந்தைக்கு இதயம் வேகமாக அடிப்பதால் அதிகமாகக் காட்டும். போன வருடம் 28, இந்த வருடம் 36 என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. போன முறை தூங்கிக்கொண்டிருந்தானா, இந்த முறை கத்திக்கொண்டிருந்தானா என்று நான் ரிப்போர்ட் ஓரத்தில் குறித்து வைப்பது இதற்காகத்தான். தனி ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நான்கு வருடத்து எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

அடைத்த ஓட்டையில் இன்னும் சின்ன லீக் இருக்கிறது என்கிறார்கள். ஆபரேஷன் தோல்வியா?

இல்லை. பேட்சின் ஓரத்தில் தையல்களுக்கு நடுவே ஊசிமுனை அளவுக்குக் கசிவது சாதாரணம். பல சமயம் சில மாதங்களில் தானாக மூடிக்கொள்ளும். கலர் டாப்ளரில் நெருப்புக்கீற்று மாதிரி பளிச்சென்று தெரிவதால் பார்க்கிறவருக்குப் பெரிதாகத் தோன்றும். அகலம்தான் முக்கியம், நிறம் இல்லை.

எக்கோ எடுக்கும்போது குழந்தை அழுது தீர்க்கிறது. என்ன செய்வது?

முந்தின இரவு கொஞ்சம் தாமதமாகத் தூங்க வையுங்கள். வரும் வழியில் பேருந்தில் தூங்கவிடாதீர்கள். இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். குழந்தை வண்டியில் நன்றாகத் தூங்கி எழுந்து, புத்துணர்ச்சியோடு வந்து எங்கள் அறையில் சண்டைக்கு நிற்கும். கைக்குழந்தை என்றால் எங்கள் அறைக்கு வந்து பால் கொடுங்கள். பால் குடித்துக்கொண்டே இருக்கும்போது நான் பாதிப் படம் எடுத்துவிடுவேன். ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்திருப்பேன், ஆனாலும் முதல் தொடுதலில் சில குழந்தைகள் திடுக்கிடும். அம்மாவின் கையிலிருந்தே முதல் சொட்டை வைக்கச் சொல்வேன்.

ஒன்று முதல் மூன்று வயதுவரைதான் உண்மையான சிரமம். அப்போது சிரப் வடிவில் தூக்க மருந்து தருவதுண்டு. சளி, காய்ச்சல் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், அன்று மருந்து தர மாட்டார்கள். போன முறை எழுதிக்கொடுத்த மருந்தை நீங்களாகவே வாங்கி, வீட்டில் கொடுத்துத் தூங்க வைத்துக் கொண்டுவராதீர்கள். மூச்சைக் கவனிக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் அதைத் தர வேண்டும்.

எக்கோ நன்றாக இருக்கிறதென்று நீங்களே சொன்னீர்கள். இப்போது எம்ஆர்ஐ எழுதியிருக்கிறார்களே?

என் தொழிலைப் பற்றி நானே குறை சொல்ல வேண்டியிருக்கிறது. இடது கீழறை ஒரு சின்ன இளநீர் மாதிரி, ஒழுங்கான வடிவம். இரண்டு மூன்று கோணத்தில் பார்த்தால் கொள்ளளவைக் கணக்கிட்டுவிடலாம். வலது கீழறை அப்படியில்லை. இடதைச் சுற்றிப் பிறை மாதிரி வளைந்து, நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் ஒட்டிக் கிடக்கும். ஒலி அலைக்கு எலும்பும் ஆகாது, காற்றும் ஆகாது. ஆபரேஷன் தழும்பு, வளர்ந்த பையனின் அகன்ற மார்பு, குறுக்கே வரும் நுரையீரல், இவற்றுக்கு நடுவே கிடைக்கும் சந்து வழியாகத்தான் நான் எட்டிப் பார்க்கிறேன். ‘வலது கீழறை பெரிதாக இருக்கிறது’ என்று என்னால் சொல்ல முடியும். ‘எத்தனை மில்லி’ என்று துல்லியமாகச் சொல்வது கடினம்.

எம்ஆர்ஐ இதயத்தை ரொட்டித் துண்டு போல மேலிருந்து கீழாக வரிசையாக வெட்டிக் காட்டும். ஒவ்வொரு துண்டிலும் அறையின் ஓரத்தை வரைந்து கூட்டினால் கொள்ளளவு வந்துவிடும். அதோடு நுரையீரல் தமனியில் முன்னே போன ரத்தம் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று மில்லிலிட்டர் கணக்கில் தரும். இடது, வலது நுரையீரல்களுக்குத் தனித்தனியாக எவ்வளவு போகிறது என்றும் சொல்லும். சாதாரணமாக வலதுக்கு 55, இடதுக்கு 45 என்ற அளவில் பங்கு பிரியும். ஒரு பக்கம் 20-க்கு இறங்கிவிட்டால் அந்தப் பக்கத்துக் கிளைக் குழாய் குறுகியிருக்கலாம். நுரையீரலுக்குள் மறைந்து போகும் அந்தக் கிளைகளை வளர்ந்த பிள்ளைகளுக்கு எக்கோவில் பார்ப்பது குதிரைக்கொம்பு.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

மூன்று எண்கள். முதலாவது, திரும்பி விழும் ரத்தத்தின் பங்கு. 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் லேசானது, 40-ஐத் தாண்டினால் கடுமையானது என்று வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது, வலது கீழறை முழுதாக நிரம்பியிருக்கும்போது கொள்ளளவு. மூன்றாவது, சுருங்கி முடித்தபின் மிச்சமிருக்கும் அளவு. ஆறு வயதுக் குழந்தையையும் ஆறடி ஆளையும் ஒப்பிட முடியாதே, அதனால் கடைசி இரண்டையும் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு என்று வகுத்துத் தருவார்கள்.

நிரம்பிய அளவு சதுர மீட்டருக்கு 160 மில்லி, அல்லது மிச்ச அளவு 80 மில்லி. இந்த எல்லைகளை நெருங்கும்போதுதான் புது நுரையீரல் வால்வு வைக்கும் பேச்சு தொடங்கும். எண் ஒன்றை மட்டும் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. கீழறை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது, நடைப்பயிற்சிச் சோதனையில் தாக்குப்பிடிக்கும் நேரம் குறைகிறதா, ஈசிஜியில் கீழறைகளின் மின்துடிப்பைக் காட்டும் க்யூஆர்எஸ் அலையின் அகலம் கூடிக்கொண்டே போகிறதா, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அந்த அகலம் 180 மில்லிசெகண்டைத் தொட்டுவிட்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம்.

‘அப்போ சீக்கிரமே வால்வை வைத்துவிடலாமே’ என்று கேட்பார்கள். வைக்கும் வால்வு பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் திசுவில் செய்தது. அதுவும் தேயும். பத்து வயதில் வைத்தால் வாழ்நாளில் எத்தனை முறை மாற்றுவது? ரொம்பச் சீக்கிரமும் கூடாது, ரொம்பத் தாமதமும் கூடாது. அந்த நடுவேளையைப் பிடிக்கத்தான் இத்தனை படமும்.

நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். எம்ஆர்ஐ காந்தம் இழுக்காதா?

இழுக்காது. அந்த ஸ்டீல் கம்பி எம்ஆர்ஐக்குப் பிரச்சினையில்லாத வகை. படத்தில் அந்த இடம் மட்டும் கறுப்புக் கறையாகத் தெரியும், அவ்வளவுதான். குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட், செயற்கை வால்வு, ஓட்டை அடைக்கும் டிவைஸ் இவற்றுடனும் பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் எந்த கம்பெனி, எந்த மாடல் என்ற அட்டையைக் கொண்டுவந்தால் டெக்னீஷியனுக்கு அரைமணி நேர அலைச்சல் மிச்சம். பேஸ்மேக்கர் இருந்தால், அல்லது முன்பு வைத்து எடுத்தபோது அதன் வயர் உள்ளேயே விடப்பட்டிருந்தால், தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே மட்டும் உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருக்கும்.

உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் தலைவலி. அரைஞாணில் கோத்த தாயத்து, கொலுசு, மூக்குத்தி, ஜாக்கெட் கொக்கி, அப்புறம் தாலிச் சரட்டில் தொங்கும் ஊக்கு. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் முந்தின நாளே ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடு.

உள்ளே எவ்வளவு நேரம்? என் மகள் பயப்படுவாள்.

முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். வலி இல்லை, சத்தம்தான். இரும்புப் பட்டறைக்குள் படுத்த மாதிரி. காதுக்கு அடைப்பு தருவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பத்து நொடிபோல மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். ‘இழு... விடு... அப்படியே நிறுத்து.’ எல்லோரும் இழுத்துப் பிடிக்கத்தான் பழகியிருக்கிறோம். பல இடங்களில் கேட்பது மூச்சை விட்டபின் பிடிப்பது. நெஞ்சு ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் நிற்க அதுதான் வசதி. ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் பாயில் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஒரு பொம்மையை வைத்து, ‘பொம்மை அசையக் கூடாது’ என்று விளையாட்டாகப் பழக்குங்கள். சடுகுடு ஆடுகிற பிள்ளைகள் இதில் எங்களுக்கே பாடம் எடுப்பார்கள்.

ஏழெட்டு வயதுக்குக் கீழே என்றால் மயக்க மருந்து தேவைப்படலாம். அப்படியானால் திட உணவும் மாட்டுப்பாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி, தண்ணீர் 2 மணி. ‘ஒரே ஒரு பிஸ்கட்தான்’ என்று பாட்டி கொடுத்ததால் தள்ளிப்போன தேதிகள் எத்தனையோ. பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.

அளவெடுக்கவும் ரத்த ஓட்டம் பார்க்கவும் சாய ஊசி அவசியமில்லை. தசையில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் கேடோலினியம் என்ற சாயத்தைப் போடுவார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சிடி எப்போது? கதிர்வீச்சு அதிகமாமே?

சில நொடிகளில் முடிந்துவிடும், பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம், மெல்லிய குழாய்களைக் கூர்மையாகக் காட்டும். எம்ஆர்ஐ எடுக்க முடியாதவர்களுக்கும், ஸ்டென்டின் உள்ளே பார்க்க வேண்டியவர்களுக்கும் இதுதான் வழி. கதிர்வீச்சு உண்டு. ஆனால் பழைய காலத்துக் கணக்கை இன்றும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதருக்கு வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. புதிய சிடி கருவியில், குழந்தைக்கென்று அளவைக் குறைத்து எடுத்தால், 1 மில்லிசீவர்ட்டை ஒட்டியே முடித்துவிட முடிகிறது. ஒன்றிரண்டு முறை எடுப்பதற்குப் பயம் வேண்டாம். வருடா வருடம் எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

டிஓஎஃப்-இல் சிடியை நான் மிகவும் மதிக்கும் இடம் ஒன்று உண்டு. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு, இடப்பக்கம் இறங்க வேண்டிய முக்கிய கரோனரி குழாய், அதாவது இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் குழாய், வலது பக்கத்திலிருந்து கிளம்பி, நுரையீரல் வழிக்குக் குறுக்கே ஓடும். சர்ஜன் கத்தி வைக்கும் இடமே அதுதான். மறுபடி நெஞ்சைத் திறக்கும் முன் இந்தக் குழாய் எங்கே ஓடுகிறது, பெருந்தமனி நெஞ்செலும்பின் பின்புறம் ஒட்டியிருக்கிறதா என்று தெரியாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

நெஞ்சைத் திறக்காமலே வால்வு வைக்கலாமாமே?

பலருக்கு முடியும். 2000-இல் பாரிஸில் போன்ஹோஃபர் என்ற டாக்டர், 12 வயதுப் பையனுக்குக் காலின் ரத்தக் குழாய் வழியாக நுரையீரல் வால்வைப் பொருத்தினார். உங்களுக்கு ஒத்துவருமா என்பதை முடிவு செய்வதே படங்கள்தான். வழி எவ்வளவு அகலம், வால்வு பிடித்து நிற்க இடம் இருக்கிறதா, பக்கத்தில் ஓடும் கரோனரி நசுங்குமா. கடைசிக் கேள்விக்காக கேத் லேப் என்ற குழாய்வழிச் சிகிச்சை அறையில் முதலில் வெறும் பலூனை ஊதிப் பார்த்து, அதே நேரத்தில் கரோனரிக்குச் சாயம் செலுத்திப் பார்ப்பார்கள். நசுங்கினால் பலூனைச் சுருக்கி வெளியே எடுத்துவிட்டு, வேறு வழி யோசிப்பார்கள். ‘உள்ளே போய்விட்டு ஒன்றும் செய்யாமல் வந்துவிட்டார்களே’ என்று ஒரு அப்பா என்னிடம் கோபப்பட்டார். அன்று அவர்கள் செய்த மிகப் பெரிய காரியமே அந்த ஒன்றும் செய்யாததுதான்.

என் குழந்தைக்கு டிஓஎஃப் இல்லை, வேறு ஆபரேஷன்.

பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறந்து, பிறந்த சில நாளில் ஸ்விட்ச் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, பார்க்க வேண்டியது மூன்று இடம்: வெட்டி ஒட்டிய கரோனரிகளின் வாய், முன்பக்கம் இழுத்துப் பொருத்திய நுரையீரல் கிளைகள், பெருந்தமனியின் அடிப்பகுதி வீங்குகிறதா என்பது. கரோனரிக்கு சிடிதான் நல்லது. பெருந்தமனிக் குறுக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு எக்கோ மட்டும் போதாது. தைத்த இடம் மறுபடி குறுகியிருக்கிறதா, பலூன் மாதிரி உப்பியிருக்கிறதா என்று சில வருடத்துக்கு ஒரு முறை எம்ஆர்ஐயோ சிடியோ எடுக்க வேண்டும். செக்கப்பில் வலது கையில் ரத்த அழுத்தம் பார்க்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

ஃபான்டான் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒரே கீழறை மட்டும் வேலை செய்வதால், உடம்பிலிருந்து வரும் ரத்தத்தை நேரடியாக நுரையீரலுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். இடையில் கலக்கும் அறை கிடையாது. இவர்களுக்குக் கையில் சாய ஊசி போட்டு சாதாரண முறையில் சிடி எடுத்தால், சாயம் ஒரு பக்கம் அதிகமாகப் போய், இன்னொரு பக்கம் சாயமில்லாத ரத்தம் வரும். பார்க்க அசல் ரத்தக்கட்டி மாதிரியே இருக்கும். இல்லாத கட்டிக்கு வைத்தியம் ஆரம்பித்துவிடக்கூடும். வேறு காரணத்துக்காக வேறு ஊரில் அவசர சிடி எடுக்க நேர்ந்தால், ‘இது ஃபான்டான்’ என்று எடுக்கிறவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஃபான்டானுக்கு ஈரல் ஸ்கேனும் தொடர்ந்து வேண்டும். இதயத்துக்கு வந்தவரை ஏன் வயிற்று ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள் என்று குழம்ப வேண்டாம். சிரை ரத்தத்தின் அழுத்தம் கூடுவதால் முதலில் அடி வாங்குவது ஈரல்தான்.

சின்ன வயதில் ஆபரேஷன் ஆன பெண். கல்யாணம், பிரசவம் எல்லாம்?

பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். ஆனால் படம் எடுக்க வேண்டிய நேரம் கருத்தரிப்பதற்கு முன்பு. ஒரு பெண் ஐந்தாவது மாதத்தில் வந்தார். நெஞ்சின் நடுவே நீளத் தழும்பு. என்ன ஆபரேஷன் என்று கேட்டால், ‘மூணு வயசுல ஓட்டை அடைச்சாங்க’ என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். 15 வருடமாக எந்தச் செக்கப்புக்கும் போகவில்லை. புரோபை வைத்ததும், நுரையீரல் வழியில் கலர் டாப்ளர் முன்னும் பின்னும் ஊஞ்சலாடியது. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். வால்வு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. மாமியார் பக்கத்திலேயே நின்றிருந்தார், ‘சின்ன ஓட்டைன்னுதான் சொன்னாங்க’ என்று. அந்தப் பெண் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேடோலினியம் போடாமல் எம்ஆர்ஐ எடுத்து, இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்து கவனித்து, தாயும் குழந்தையும் நலமாக வீட்டுக்குப் போனார்கள். திருமணத்துக்கு முன்பே இந்த எம்ஆர்ஐ நடந்திருந்தால் அந்த நான்கு மாதத் திகில் இருந்திருக்காது.

தாய்க்குப் பிறவி இதயக் குறை இருந்தால், 18 முதல் 22 வாரத்துக்குள் வயிற்றுக் குழந்தைக்கும் தனியாக எக்கோ பார்ப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

பழைய ஃபைல் தொலைந்துவிட்டது.

ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஐபி எண்ணோ, ஆபரேஷன் நடந்த வருடமும் அப்பா பெயருமோ சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்டையும் கேளுங்கள். எந்தத் துண்டை எங்கே வைத்துத் தைத்தார்கள், கரோனரி எங்கே ஓடியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். என் அறைக்கு மஞ்சப்பையில் கட்டுக் கட்டாக ஃபைல் வரும். அதில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு 40 இருக்கும், ஆபரேஷன் நோட் இருக்காது. எதையாவது தூக்கிப்போட வேண்டுமென்றால் அந்தச் சீட்டுகளைப் போடுங்கள்.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். ட்யூப்லைட் பளபளக்க, சாய்வாகப் பிடித்த போட்டோவில் ஓடாத இதயத்தைப் பார்த்து என்ன சொல்வது? இதயப் படம் என்றால் அது ஓட வேண்டும். ஸ்கேன் எடுத்த இடத்தில் சிடித் தட்டிலோ பென்டிரைவிலோ முழுப் பதிவையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும், அங்கேயே கவுன்ட்டரில் அதைப் போட்டு ஒரு முறை திறந்து காட்டச் சொல்லுங்கள். 300 கிலோமீட்டர் கொண்டுவந்து இங்கே போட்டால் காலித் தட்டாக இருந்த கதை ஒன்றிரண்டு இல்லை.